வேளிமலை முகூர்த்தமும் பைக்குள் ஏழு போன்களும்

காலை 5.50

நாகர்கோவில் சந்திப்பில் நான் இறங்கியபோது மழை. திருச்சியில் முந்தின நாள் பகல் முழுக்க ஆவணி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்ததால் குடை எடுக்கத் தோன்றவில்லை. இந்த மாவட்டத்துக்கு நான் வருவது ஆறாவது தடவை. ஆறு தடவையும் நனைந்திருக்கிறேன். இன்னும் புத்தி வரவில்லை.

வந்த காரியம் இரண்டு. கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்த சாந்தியின் மகள் ஆதிராவுக்கு அன்று கல்யாணம். கல்யாணம் நடக்கும் இடம், வேளிமலை அடிவாரத்துக் குமாரகோவில். கோயில் கோயிலாகப் போய் எழுதிக்கொண்டு திரிகிற எனக்கு அந்த ஒரு கோயில் மட்டும் எப்படியோ தப்பிக்கொண்டே இருந்தது. சுசீந்திரம் பார்த்தாயிற்று, திருவட்டாறு பார்த்தாயிற்று, குமாரகோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனையை இரண்டு தடவை பார்த்தாயிற்று. இந்த முறை முகூர்த்தத்துக்கு முன்னால் கோயிலை நிதானமாகச் சுற்றிப் பார்ப்பது, பிறகு கல்யாணம், பிறகு நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு என்று மனசுக்குள் ஒரு அட்டவணை போட்டு வைத்திருந்தேன். அது வடசேரிப் பேருந்து நிலையத்திலேயே கிழிந்துவிட்டது.

காலை 6.40

ரயில் நிலையத்திலிருந்து வடசேரிக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். அங்கிருந்து தக்கலை போகும் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பதினைந்து கிலோமீட்டரை ஓசியில் கடக்கிற சந்தோஷத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். போன் அடித்தது. சாந்தி.

“ஏட்டி மல்லிகா, வந்துட்டியா?”

“பஸ்ல ஏறிட்டேன்டி.”

“நல்லது. இங்க வந்து ஒருத்தர்ட்டயும் பெரியத்தானப் பத்திக் கேக்காண்டாம், கேட்டியா? சுகமா இருக்காராண்ணு கூடக் கேக்காண்டாம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

பெரியத்தான் என்று அவள் சொன்னது தன் கணவர் வேலப்பன் அண்ணனின் மூத்த சகோதரர் தங்கப்பனை. வேலப்பன் அண்ணன் ரியாத்தில் பதினான்கு வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தார். அந்தப் பதினான்கு வருஷமும் ஆதிராவைப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் கொண்டுவிட்டது, மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் அடுத்த வீட்டில் இருந்த இந்தப் பெரியப்பாதான். மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததும் அவரே. அவருக்கு உடம்பு சரியில்லை என்று போன வாரம் சாந்தி சொல்லியிருந்தாள். கேட்கவே கூடாத அளவுக்கு என்ன என்று புரியவில்லை.

பார்வதிபுரம் மேம்பாலம் தாண்டியதும் மழை விட்டது. சுங்கான்கடை, வில்லுக்குறி என்று ஊர்கள் வந்தன. வலப்பக்கம் வேளிமலை, பாதி உடம்பு மேகத்துக்குள். பக்கத்து இருக்கையில் பூக்கூடையோடு ஒரு பெண்.

“முகூர்த்தத்துக்கா போறிய?” என்றார்.

“ஆமாங்க. குமாரகோவிலுக்கு.”

“இன்னைக்கு அங்க ஆறு கல்யாணமாக்கும். பூவுக்கு வெலை கேட்டா மயக்கம் வரும்.”

ஆறு கல்யாணமும் ஒரே முகூர்த்தத்திலா என்று கேட்டேன். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை முகூர்த்தம், ஒன்று முடிந்து ஒன்று நடக்கும் என்றார். முருகனே காதலித்துக் கட்டிக்கொண்ட இடம் என்பதால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இங்கே தாலி கட்டுவதென்றால் தனிப் பிரியம்.

காலை 7.45

குமாரகோவில் விலக்கில் இறங்கி ஆட்டோவில் அறுபது ரூபாய், ஒன்றரை கிலோமீட்டர். வயலும் வாழையும் தாண்டினால் தெப்பக்குளம், குளத்துக்கு மேலே படிகள், படிகளுக்கு மேலே கோயில். கல்யாண மண்டபம் படிகளுக்குக் கீழேயே இருந்தது. சாந்தி பட்டுப்புடவை சரசரக்க வந்து, “சாப்பிட்டியா?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, என்னை வாழையிலையும் தேங்காயும் குவித்திருந்த அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். இரண்டு மூன்று நாளாகத் தூங்காத முகம்.

“பெரியத்தானுக்கு ஒண்ணும் முடியல்ல. நாகர்கோவில்ல ஐ.சி.யூ.ல கெடக்காரு. வியாழக்கிழமைக்குப் பெறகு கண்ணு தொறக்கல்ல. எப்ப வேணும்னாலும்ண்ணு டாக்டர் சொல்லியாச்சு.”

“அப்படின்னா கல்யாணத்தை…”

“மாத்திவைக்க முடியாதுடி. மாப்பிள்ளைக்கு லீவு இனி ஒம்பது நாளு. அது போனா அடுத்த வருஷம் ஓணத்துக்குத்தான் வருவாரு. தாலி ஏறதுக்கு முன்ன அங்க முடிஞ்சு போச்சுண்ணா பதினாறு நாளு தீட்டு. கோயில் படி மிதிக்க முடியாது.”

அவர்கள் வீட்டுக் கணக்கை அவள் எனக்கு விளக்கினாள். தாலி கட்டும்வரை ஆதிரா இந்த வீட்டுப் பெண். பெரியப்பா போனால் அவளுக்கும் தீட்டு. தாலி ஏறிவிட்டால் அவள் வேறு வீட்டுப் பெண். தீட்டு அவளைத் தொடாது. இன்னொன்று, சாவு நடந்த நேரம் கணக்கில்லை. காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு. அதனால் அந்த வீட்டில் இப்போது எல்லாருக்கும் பயம் சாவைப் பற்றியல்ல, போனைப் பற்றி.

கதவு திறந்தது. வேலப்பன் அண்ணன் பட்டு வேட்டியும் வெறும் பனியனுமாக ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பையோடு நின்றார். பைக்குள் போன்கள். அவருடையது இரண்டு, சாந்தியுடையது, ஆதிராவுடையது, அவர் தம்பி குடும்பத்துடையது என்று மொத்தம் ஏழு.

“அணைச்சு வைக்க முடியாது தங்கச்சி. சமையல்காரன் விளிப்பான், மேளக்காரன் விளிப்பான், மாப்பிள்ளை வீட்டு வேன் வழி கேட்டு விளிக்கும். அதெல்லாம் நீங்க எடுத்துப் பேசணும். அண்ணனுக்க மகன் ராஜன் ஆஸ்பத்திரியில இருக்கான். அவன் பேரு வந்துதுண்ணா மட்டும் எடுக்காண்டாம்.”

“நான் எடுத்துக் கேட்டு வைச்சுக்கிறேனே அண்ணே. உங்ககிட்ட சொல்லமாட்டேன்.”

“வேண்டாம். நீங்க கேட்டீங்கண்ணா உங்க மொகமே சொல்லிப்போடும். மணவறையில நிண்ணு நான் உங்க மொகத்தத்தான் பாத்துட்டு நிப்பேன்.”

“ஏன் நான்?” என்றேன்.

சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ எங்களுக்கு ஆருமில்லல்லா. உனக்குத் தீட்டு இல்ல.”

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் சுருக்கென்றது. முப்பது வருஷச் சிநேகிதியிடம் நீ யாருமில்லை என்று கேட்பதற்கு ராத்திரி முழுக்க ரயிலில் வந்தேனா என்று ஒரு கணம் கோபம் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

காலை 8.30

மண்டபத்தில் உட்கார்ந்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். கோயிலுக்குப் போய்விட்டேன். நாற்பதுக்குப் பக்கம் படிகள், மழையில் வழுக்கின. ஏழு போனையும் சத்தம் போடாமல் அதிரும்படி மாற்றியிருந்தேன். மூன்றாவது படியில் பை இடுப்போடு சேர்ந்து அதிர்ந்தது. கையை விட்டுத் துழாவி எடுப்பதற்குள் வியர்த்துவிட்டது. சமையல்காரர்.

“அண்ணாச்சி இல்லியா? அடைப்பிரதமனுக்கு வெல்லம் பத்தாது கேட்டேளா.”

அண்ணாச்சியிடம் சொல்கிறேன் என்று சொல்லி வைத்தேன். வாழ்க்கையில் வெல்லத்தைப் பற்றிய செய்தி எனக்கு இவ்வளவு நிம்மதி தந்ததில்லை.

கோயில் பாதி தமிழ்நாடு, பாதி கேரளம். முன்னால் கோபுரம், உள்ளே ஓடு வேய்ந்த சரிந்த கூரை, மரவேலை, எண்ணெய் மணக்கும் விளக்குகள். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்த ஊர் அல்லவா. நவராத்திரி வந்தால் இந்தக் குமாரசாமி இன்றைக்கும் திருவனந்தபுரம் புறப்பட்டுப் போகிறார். சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் கூடப் போவார்கள். மாநில எல்லை மாறியது மனிதர்களுக்குத்தான், சாமிகள் களியக்காவிளை தாண்டிப் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். கார்த்திகை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காவல்துறையும் பொதுப்பணித்துறையும் இந்தக் கோயிலுக்குக் காவடி எடுக்கிற வழக்கம் உண்டு. ராஜா காலத்து ஏற்பாடு என்கிறார்கள். போலீஸ்காரர் காவடி தூக்குகிற காட்சியைப் பார்க்க ஒரு கார்த்திகைக்கு வரவேண்டும்.

சன்னதியில் முருகன் எட்டடிக்கும் மேலான உயரத்தில் நிற்கிறார். மற்ற ஊர்களில் இரண்டு பக்கமும் இரண்டு தேவியர் இருப்பார்கள். இங்கே வள்ளி மட்டும்தான், தெய்வானை இல்லை. வள்ளியின் ஊர் இது. மலைமேல் வள்ளி குகை, அவள் தினை காத்த புனம் எல்லாம் காட்டுகிறார்கள். பெண்வீட்டார் தேடி வந்தபோது முருகன் வேங்கை மரமாக மாறி நின்றதாகக் கதை. அந்த வேங்கையின் அடிமரம் என்று ஒன்றைக் கோயிலுக்குள் வைத்துப் பூஜை செய்கிறார்கள். பங்குனியில் திருக்கல்யாணம். அன்று மலையிலிருந்து சாமி இறங்கும்போது குறவர்கள் மறித்துச் சண்டை போடுவார்கள். குறவர் படுகளம் என்று பெயர். கடைசியில் அவர்கள் தோற்றுச் சரணடைந்த பிறகுதான் தாலி. அந்தச் சாமிக்கே கல்யாணம் தடையில்லாமல் நடக்கவில்லை, வேலப்பன் அண்ணனுக்கு எப்படி நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பை மறுபடி அதிர்ந்தது. ஒன்றல்ல, இரண்டு சேர்ந்து. பக்கத்தில் நின்ற கோயில் ஊழியர் என்னை முறைத்தார்.

“அம்மா, போன அணைச்சிட்டு சாமி கும்பிடுங்க.”

“அணைக்க முடியாதுங்க. என்னோடது இல்ல.”

“அப்ப ஆருக்க போனு?”

“ஏழு பேரோடது” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையில் நான் திருடியேதான். வேகமாகப் பிரகாரத்துக்கு நழுவினேன். அழைத்தது மேளக்காரரும் வேன் ஓட்டுநரும். இருவருக்கும் வழி சொன்னேன். பிரகாரத்தில் ஆட்டுத் தலையோடு தட்சன் நின்றுகொண்டிருந்தான். அவனை நிதானமாகப் பார்க்கவேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசை. பார்த்தேன் என்று பெயர். என் கண் முழுக்கப் பைமேல் இருந்தது.

காலை 10.25

கல்யாணக் கூட்டம் படியேறி வந்துவிட்டது. அலுவலகத்துக்கு வெளியே மாட்டியிருந்த பலகையில் ஆறு ஜோடிகளின் பெயர், ஆதிரா மூன்றாவது. முதல் ஜோடி அப்போதுதான் தாலி கட்டி முடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். வேலப்பன் அண்ணன் ஒவ்வொருவராக வரவேற்றுக்கொண்டே நடுநடுவே என்னைப் பார்த்தார். நான் பல்லைக் காட்டினேன்.

பை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ‘ராஜன்’.

முகத்தை மறைக்கத் தூணுக்குப் பின்னால் போனேன். அடித்து அடித்து ஓய்ந்தது. அரை நிமிஷம். மறுபடி ‘ராஜன்’. அது ஓய்ந்ததும் சாந்தியின் போனில் ‘ராஜன்’. அதன்பிறகு ஆதிராவின் போனில் ‘ராஜன் அண்ணன்’. ஆள் இல்லாத வீட்டுக் கதவை ஒவ்வொன்றாகத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே வந்தான். முடிந்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செத்துப்போனவரின் மகன் சொல்ல ஆளில்லாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழைக்கிறான், நான் இங்கே தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

10.41க்கு வேலப்பன் அண்ணனின் போனில் வாட்ஸ்அப்பில் ஒன்று வந்து விழுந்தது. எழுத்து இல்லை. குரல் பதிவு. பதினான்கு விநாடி. கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றது. எனக்குத் தீட்டு கிடையாது, நான் கேட்கலாம். தீட்டிலேயே எனக்கு நம்பிக்கை கிடையாது. பதினாறு நாள் கணக்கைக் கேலி செய்து எங்கள் வீட்டில் எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன். ஆனாலும் கேட்கவில்லை. கேட்டுவிட்டு இன்னும் இருபது நிமிஷம் அந்த மனிதர் எதிரில் நிற்கத் தைரியம் இல்லை.

“சித்தி.”

ஆதிரா. முழு அலங்காரத்தோடு, கழுத்தில் மாலை இடிக்க, இரண்டு பெண்களுக்கு நடுவிலிருந்து விலகி என்னிடம் வந்துவிட்டாள். சின்ன வயசிலிருந்தே என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

“ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துதா?”

“இல்லடா” என்றேன்.

“சத்தியமா?”

“சமையல்காரர் வெல்லம் கேட்டார். வேறெதுவும் இல்ல.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். யாரோ கூப்பிட்டார்கள், போனாள். அந்த நேரமும் பை இடுப்பில் அதிர்ந்துகொண்டிருந்தது.

காலை 10.58

தவில் முழங்கியது. பெண்கள் குரவையிட்டார்கள். தாலி ஏறிற்று. சாந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எல்லாரும் மகளைப் பிரிகிற அழுகை என்று நினைத்திருப்பார்கள். வேலப்பன் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இனிமேல் சொல்லலாம் என்று அர்த்தம். ஆனால் உடனே கேட்க அவருக்கும் துணிச்சல் இல்லை. மாலை மாற்றி, சன்னதியில் கும்பிட்டு, பிரகாரம் சுற்றி, படி இறங்கி, மாப்பிள்ளை வீட்டாரைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, பதினொன்றரைக்குத்தான் வாழையிலை அறைக்கு வந்தார். சாந்தியும் நானும் காத்திருந்தோம். அவர் போனை எடுத்துக் கொடுத்தேன்.

“எத்தனை மணிக்கு வந்துது?”

“பத்து இருபத்தஞ்சுலேருந்து. பதினேழு தடவை. ஒரு குரல் பதிவும் இருக்கு. நான் கேக்கல.”

அவர் தேங்காய்க் குவியலின்மேல் உட்கார்ந்து அதைத் தட்டினார். முதலில் ஏதோ இயந்திரத்தின் கீச்சுச் சத்தம். பிறகு ஒரு குரல், மூச்சு வாங்கி வாங்கி.

“எலே தம்பி… நான்தாம்லே. முழிச்சாச்சு. பிள்ளைக்கு தாலி கட்டும்போ… அந்த மேளத்த எனக்குக் கேக்க வைலே.”

அவ்வளவுதான் பதிவு.

செத்த செய்தி என்று நாங்கள் மூன்று பேரும் பயந்து பூட்டி வைத்திருந்தது அவர் உயிரோடு பேசிய பேச்சு. “பாவி, நான்லா எடுக்காண்டாம்ண்ணு சொன்னேன்” என்று வேலப்பன் அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு ராஜனை அழைத்தார். ஸ்பீக்கரில் அவன் குரல் உடைந்து வந்தது.

“எங்க போனீங்க சித்தப்பா எல்லாரும்? பத்து மணிக்குக் கண்ணு தொறந்தாரு. அரை மணிக்கூருக்கு மேல முழிச்சிருந்தாரு. போன காதுல வையி வையிண்ணு… இப்ப மறுபடியும் கண்ண மூடியாச்சு. மூச்சு கொறையுது.”

“கேக்குமாலே? காது கேக்குமா?”

“கேக்கும்ண்ணு நர்ஸ் சொல்லுதா.”

“போன அவரு காதுல வையி. எடுக்காத. நான் மேளம் கொண்டாறேன்.”

எங்கள் மேளக்காரர்கள் அடுத்த ஊருக்குப் போயே விட்டார்கள். சாந்திதான் சொன்னாள். “மேல இன்னும் ஒரு கல்யாணம் கெடக்கு. ஆறாவது. ஓடுங்க!”

காலை 11.44

அறுபதை நெருங்குகிற மனிதர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈரப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஓடினார். பின்னால் நான். பாதிப் படியில் எனக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. மேலே நாதஸ்வரம் கேட்டது, நிற்கவில்லை. மணவறையைச் சுற்றி முன்பின் தெரியாத கூட்டம். மாப்பிள்ளை கையில் தாலி வந்தாயிற்று. வேலப்பன் அண்ணன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே புகுந்ததும் பெண்ணின் தாய்மாமன் போலிருந்த ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

“ஆரு வே நீரு? வீடியோ எடுக்க எங்க ஆளு உண்டு.”

அண்ணன் போனை மட்டும் நீட்டிக் காட்டினார். நான்தான் சொன்னேன், இரைக்க இரைக்க: “இவரோட அண்ணன் ஆஸ்பத்திரியில கடைசி மூச்சுல இருக்கார். எங்க பொண்ணு கல்யாண மேளத்தைக் கேக்கணும்னார். எங்களால முடியல. உங்க மேளத்தைக் கேக்க விடுங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. தாலி கட்டும் நேரத்தில் இன்னொரு வீட்டுச் சாவைக் கொண்டுவந்து மணவறை முன்னால் நிறுத்தியிருக்கிறேன். பின்னாலிருந்த ஒரு அம்மாள் ‘முருகா’ என்று காதைப் பொத்தினார். அந்த மனிதர் போனைப் பார்த்தார். அதில் ஓடிக்கொண்டிருந்த அழைப்பின் விநாடிகளைப் பார்த்தார். வேலப்பன் அண்ணன் முகத்தைப் பார்த்தார். விரட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

“தவிலுக்குப் பக்கத்துல போய் நில்லும். இங்க நிண்ணா கேக்காது” என்று அவரே தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

கெட்டிமேளம் முழங்கியது. வேலப்பன் அண்ணன் இரண்டு கையாலும் போனைத் தவிலுக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். யாரோ ஒரு பெண்ணுக்கு யாரோ ஒரு பையன் தாலி கட்டினான். குரவை அடங்கும்வரை அவர் கையை இறக்கவில்லை.

வெளியே வந்து கேட்டார். “ராஜா, கேட்டாராலே?”

“தவில் சத்தத்துக்கு நர்ஸு வந்து வஞ்சா சித்தப்பா. அப்பா கண்ணு தொறக்கல்ல. நான் போன எடுக்கல்ல, கடைசி வரைக்கும் காதுலதான் வச்சிருந்தேன்.”

“போதும்லே” என்றார் அண்ணன்.

படி இறங்கும்போது, “நீங்க என்ன செய்வீங்க தங்கச்சி, நான் சொன்னபடிதானே செஞ்சீங்க” என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். நான் அழுதேன்.

பிற்பகல் 1.15

பந்தியில் பருப்பு, சாம்பார், அவியல், எரிசேரி, துவரன், இஞ்சி, அடைப்பிரதமன், பால் பாயசத்தோடு போளி, புளிசேரி, கடைசியில் மோர். வாசகர்களுக்காக இலையின் இடது மூலையிலிருந்து வலது மூலைவரை குறித்துக்கொண்டு வரவேண்டும் என்று திருச்சியிலேயே நினைத்திருந்தேன். எதன் ருசியும் இப்போது ஞாபகம் இல்லை.

பிற்பகல் 3.10

மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும் நேரம். மாலை கட்டிய கார் நின்றது. அம்மா அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுது முடித்து ஆதிரா என்னிடம் வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

“சித்தி, பெரியப்பா மேளம் கேட்டாராம்லா? அப்பா சொன்னாவ.”

“ஆமாடா.”

“உங்க கையிலதான போன் இருந்துது. நீங்களா போட்டுக் கேக்க வச்சீங்க? எனக்குத் தாலி கட்டும்போ?”

அவளுக்குப் பின்னால் வேலப்பன் அண்ணன் நின்றிருந்தார். என்னைப் பார்க்காமல் காரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாம்” என்றேன்.

அவள் என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காரில் ஏறினாள்.

நான் ஏறிய திருச்சி ரயில் நாகர்கோவிலை விட்டபோது வேளிமலையை மழை மறைத்திருந்தது. தங்கப்பன் அண்ணாச்சி மூன்றாம் நாள் போய்விட்டார். மறுபடி கண் திறக்கவில்லை. தாலி ஏறிய பெண்ணுக்குப் பதினாறு கிடையாது என்று எல்லாரும் சொல்லியும், ஆதிரா அந்தப் பதினாறு நாளும் ஒரு கோயில் படியும் ஏறவில்லையாம். ஒன்பதாம் நாள் மாப்பிள்ளை விமானம் ஏறினார்.

எங்கள் வீட்டிலும் தீட்டுக் கணக்கு உண்டு. அம்மா இன்றைக்கும் விரல் மடக்கி எண்ணுவாள், நான் சிரிப்பேன். இப்போது சிரிக்க முடிவதில்லை. அந்த மண்டபத்தில் தீட்டை நம்பிய சாந்திக்கும் அண்ணனுக்கும் பயப்பட ஒரு காரணமாவது இருந்தது. தீட்டே இல்லாத எனக்கு என்ன வந்தது? பதினான்கு விநாடி. காதில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

இதை எழுதட்டுமா என்று வேலப்பன் அண்ணனிடம் கேட்டேன். “எழுதுங்க. எனக்குச் சொல்ல நாக்கு எழும்பல்ல” என்றார்.

ஆதிரா, உன் பெரியப்பா காதில் கடைசியாக விழுந்தது, விழுந்திருந்தால், வேறொரு பெண்ணின் மேளம். உன் மேளத்தைக் கேட்கத்தான் அவர் பதினேழு தடவை கூப்பிட வைத்தார். நீ என் எதிரில் நின்று கேட்டபோதும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். எடுக்காதது நான்.